டோட்டோ சீட்டில் எந்த ஆறு எண்கள்? தேர்ந்தெடுக்கும் வழிகளை ஒப்பிட்டு ஒரு கணக்கு

என் தாய்மாமா சிங்கப்பூருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. திங்கள், வியாழன் என்றால் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் டோட்டோ என்னும் லாட்டரிச் சீட்டு வாங்காமல் வரமாட்டார். ஒவ்வொரு முறையும் 7 வெள்ளி, அதாவது 7 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் ஒரு காசும் போடுவதில்லை என்பது அவர் தமக்கே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சென்ற தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் கணிதம் கற்பிப்பவன் என்பதால், சாப்பிட்டு முடித்த கையோடு கேட்டார்: "மாப்ளே, பிள்ளைங்க பிறந்த தேதியைப் போடறேன், நோட்டுல குறிச்சு வச்சுப் போடறேன், சில நாள் மெஷினையே போடச் சொல்றேன். இந்த ஏழு வெள்ளியை எப்படிப் போட்டா நல்லது?" அன்று வாய்வழியாகச் சொன்னதை இன்னும் ஒழுங்காக, கணக்குகளோடு எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அவரைப் போல யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அடிப்படை எண்ணைப் பார்த்துவிடுவோம். 1 முதல் 49 வரையிலான எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கக்கூடிய சேர்க்கைகள் மொத்தம் 13,983,816. அதாவது ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2014 அக்டோபர் வரை எண்கள் 45 வரைதான் இருந்தன. அப்போது சேர்க்கைகள் 8,145,060. நான்கே எண்கள் கூடியதில் முதல் பரிசின் வாய்ப்பு அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. வாரம் இரண்டு குலுக்கல், ஒவ்வொன்றிலும் ஏழு வெள்ளிக்கு ஏழு சேர்க்கைகள் என்று மாமாவைப் போல ஒருவர் தொடர்ந்து வாங்கிக்கொண்டே போனால், முதல் பரிசு சராசரியாக ஏறத்தாழ 19,200 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும். இந்த 13,983,816 சேர்க்கைகளுக்குள் மேல் கீழ் கிடையாது. 1, 2, 3, 4, 5, 6 என்பதும், உங்கள் பிள்ளைகளின் பிறந்த தேதிகளும், கண்ணை மூடிக்கொண்டு குறித்த ஆறு எண்களும் ஒரே அளவு வாய்ப்பு உடையவை. குலுக்கலில் உருளும் பந்துகளுக்கு நினைவும் இல்லை, விருப்பமும் இல்லை.

அப்படியானால் ஒப்பிடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. டோட்டோவின் முதல் பரிசு ஒருவருக்கென்று ஒதுக்கிவைத்த தொகை அன்று. அதே ஆறு எண்களை வைத்திருக்கும் எல்லோருக்கும் பங்கிடப்படும் தொகை. ஆகவே எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை, வெல்லும் வாய்ப்பைத் தினையளவும் மாற்றாது என்றாலும், வென்றால் எத்தனை பேரோடு பங்கிட வேண்டியிருக்கும் என்பதை நிச்சயமாக மாற்றும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

பிறந்த தேதி, திருமண நாள் ஆகியவற்றைக் குறிப்பவர்கள் அறிந்தோ அறியாமலோ 1 முதல் 31 வரையிலான எண்களுக்குள் தங்களை அடைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்களை மட்டும் கொண்டு அமையும் சேர்க்கைகள் 736,281; மொத்தத்தில் ஏறத்தாழ பத்தொன்பதில் ஒரு பங்கு. குலுக்கலில் வரும் ஆறும் 31க்குள் அமைவதும் பத்தொன்பது முறைக்கு ஒருமுறைதான், அதாவது ஆண்டுக்கு ஐந்தாறு முறை. அந்த நாட்களில் வென்றால், தேதி பார்த்துக் குறித்த கூட்டம் முழுவதும் அந்தச் சிறிய வட்டத்துக்குள்தான் இருக்கும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரு குலுக்கலில் ஒரு கோடியே நாற்பது லட்சம் சேர்க்கைகள் விற்பனையானதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் குறித்த சேர்க்கையைச் சராசரியாக இன்னும் ஒருவர் வைத்திருப்பார் என்றால், வெல்லும்போது உங்களுக்குக் கிடைப்பது சராசரியாக முதல் பரிசில் 63 விழுக்காடு. உங்கள் எண்கள் பலரும் விரும்பும் எண்களாக இருந்து, சராசரியாக இன்னும் மூன்று பேர் வைத்திருப்பார்கள் என்றால் அது 32 விழுக்காடாகக் குறையும். யாரும் அதிகம் சீண்டாத எண்களாக இருந்து, சராசரி அரையாக இருந்தால் 79 விழுக்காடு. வெல்லும் வாய்ப்பு மூன்று நிலையிலும் ஒன்றே. கைக்கு வரும் தொகை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. பிலிப்பீன்ஸில் 2022 அக்டோபர் 1 அன்று, 55 எண்கள் கொண்ட குலுக்கலில் 9, 18, 27, 36, 45, 54 ஆகிய எண்கள் வந்தன. ஒன்பதாம் வாய்பாட்டை அப்படியே எழுதியது போன்ற வரிசை. முதல் பரிசான ஏறத்தாழ 23 கோடியே 60 லட்சம் பெசோவை 433 பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். இவ்வளவு பேர் வென்றதால் மோசடி என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அழகான வரிசைகளைப் பல ஆயிரம் பேர் ஒவ்வொரு வாரமும் குறிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அத்தகைய வரிசை வரும் நாளில் கூட்டம் இருப்பது இயல்பே.

பிரிட்டனில் 1995 ஜனவரி 14 அன்று நடந்தது இதைவிட ஆழமான பாடம். அன்று வந்தவை 7, 17, 23, 32, 38, 42. பார்ப்பதற்கு எந்த ஒழுங்கும் இல்லாத, நன்றாகப் பரவிக் கிடக்கும் எண்கள். ஆனால் 133 பேர் முதல் பரிசை வென்று, ஆளுக்கு 122,510 பவுண்டு மட்டுமே பெற்றார்கள். தாறுமாறாகக் குறிக்க வேண்டும் என்று நினைக்கும் மனிதர்கள் சீட்டின் விளிம்பை விட்டு நடுப்பகுதிக்கு வருகிறார்கள், அடுத்தடுத்த எண்களைத் தவிர்க்கிறார்கள், சம இடைவெளி விட்டுப் பரப்புகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி தாறுமாறாக இருக்க முயல்வதால் எல்லோரும் ஓரிடத்தில் வந்து சேர்கிறார்கள். நம் மனம் தற்செயலைப் போலச் செய்துகாட்ட முயலும்போது அது தற்செயலாக இருப்பதில்லை.

இனி மாமாவின் நோட்டு. பழைய கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. தேதிவாரியாக ஆறு எண்களும், கூடுதலாக எடுக்கப்படும் ஏழாவது எண்ணும் நீல மையில், நெடுநாள் வராத எண்கள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டு இருக்கும். "இது பத்து வாரமா வரல, வந்தே ஆகணும்" என்பது ஒரு கட்சி. "இது இந்த வருஷம் இருபது தடவை வந்திருக்கு, நல்ல ஓட்டத்துல இருக்கு" என்பது மறு கட்சி. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வாதங்களையும் ஒரே நோட்டிலிருந்து எடுக்க முடிகிறது என்பதே அந்த நோட்டைப் பற்றி நமக்கு ஒன்று சொல்கிறது. இருந்தாலும் மாமாவின் உழைப்பை மதித்து அதை முறையாகவே சோதித்துப் பார்த்தேன்.

ஒரு குறிப்பிட்ட எண் ஒரு குலுக்கலில் ஆறில் ஒன்றாக வருவதற்கான நிகழ்தகவு 49இல் 6. ஆண்டுக்கு 104 குலுக்கல் என்றால் ஓர் எண் சராசரியாகப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று முறை வரும். ஆனால் எல்லா எண்களும் சரியாக அந்த அளவுக்கே வந்தால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும். எந்தச் சாய்வும் இல்லாத குலுக்கலிலேயே, 49 எண்களில் அதிகம் வந்தது இருபது முறை அளவுக்கும், குறைவாக வந்தது ஐந்தாறு முறையும் வந்திருக்கும் என்று கணக்கு சொல்கிறது. அதேபோல் ஓர் எண் இருபது குலுக்கல்களாக, அதாவது பத்து வாரமாக, வராமல் இருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 7 விழுக்காடு. எண்கள் 49 இருப்பதால், எந்த நாளில் நோட்டைத் திறந்தாலும் பத்து வாரமாகத் தலைகாட்டாத எண்கள் சராசரியாக மூன்று நான்கு இருந்தே தீரும். மாமா சிவப்பு மையில் வட்டமிட்டவை அவைதான். அடுத்த குலுக்கலில் அந்த எண்ணின் வாய்ப்பு என்ன? மறுபடியும் 49இல் 6.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இத்தாலி ஒரு கசப்பான சான்று. அங்கே குறிப்பிட்ட சில நகரங்கள் ஒவ்வொன்றின் பெயரிலும் தனித்தனியே 90 எண்களிலிருந்து ஐந்து எடுக்கப்படும். வெனிஸ் நகரக் குலுக்கலில் 53 என்ற எண் 2003ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரவே இல்லை. "இனி வந்தே ஆகும்" என்று நாடு முழுவதும் மக்கள் அந்த ஓர் எண்ணின் மேல் 350 கோடி யூரோவுக்கு மேல் கட்டினார்கள். குடும்பச் சேமிப்பைத் தொலைத்தவர்கள் உண்டு. கடைசியில் 2005 பிப்ரவரி 9 அன்று 53 வந்தது. அது வந்த நாளில் அதன் வாய்ப்பு பதினெட்டில் ஒன்று. அதற்கு முந்தைய ஒவ்வொரு குலுக்கலிலும் அதே பதினெட்டில் ஒன்றுதான்.

நோட்டு வைத்திருப்பவர்கள் கேட்கும் ஒரு நியாயமான கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது: இயந்திரத்திலோ பந்திலோ உண்மையாகவே சாய்வு இருந்தால்? அப்படி நடந்ததும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980 ஏப்ரல் 24 அன்று, 4, 6 என்ற எண்கள் தவிர மற்ற பந்துகளுக்குள் சாயத்தைச் செலுத்தி எடை கூட்டிய ஒரு கும்பல், மூன்று இலக்கக் குலுக்கலில் 666 என்ற எண்ணை வரவைத்தது. ஆனால் அது உள்ளிருந்தவர்கள் செய்த வேலை. பழைய முடிவுகளைக் குறித்து வைத்திருந்த எவருக்கும் அதைக் கண்டுகொள்ள வழி இருந்திருக்காது. சில எண்களின் மேல் வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்ததே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. சிங்கப்பூரில் பந்துகள் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கப்படுகின்றன. சிறு சாய்வு இருந்தால்கூட அதை நூறு, இருநூறு குலுக்கல்களின் நோட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. நான் மேலே சொன்ன இயல்பான ஏற்றத்தாழ்வே அதை மூடிவிடும்.

சென்ற குலுக்கலில் வந்த எண்களையே மறுபடி குறிப்பவர்களும் இருக்கிறார்கள். பல்கேரியாவில் 2009 செப்டம்பர் 6 அன்று வந்த 4, 15, 23, 24, 35, 42 ஆகிய ஆறும், அடுத்த குலுக்கலான செப்டம்பர் 10 அன்று அப்படியே மீண்டும் வந்தன. முதல் முறை யாரும் வெல்லவில்லை; இரண்டாம் முறை 18 பேர் வென்றார்கள். முந்தைய முடிவைப் பார்த்துக் குறிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை. பங்கிட மனமில்லாதவர்கள் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது.

அடுத்தது 'குயிக் பிக்', அதாவது இயந்திரமே எண்களைக் குறித்துத் தருவது. முதல் பரிசு வென்ற சீட்டுகளின் விவரத்தில் 'குயிக் பிக்' என்ற சொல் அடிக்கடி வருவதைப் பார்த்துவிட்டு, இயந்திரச் சீட்டுக்கு ராசி அதிகம் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். இயந்திரச் சீட்டுகள் அதிகம் விற்பதால் அதிகம் வெல்கின்றன. வேறு காரணம் இல்லை. இன்ன கடையில் வாங்கினால் விழும் என்று பெருநாள் குலுக்கலுக்கு முன் நீண்ட வரிசையில் நிற்பதற்கும் இதே விடைதான். ஆனால் பங்கிடும் கணக்கில் இயந்திரத்துக்கு உண்மையான நன்மை ஒன்று உண்டு. அது மனிதர்களைப் போல 31க்குள் சுருங்குவதில்லை, நடுவே குவிவதில்லை. ஆகவே பிறந்த தேதியைவிட, நோட்டைவிட, 'குயிக் பிக்' மேல். கூட்டத்தைத் தேடிப் போகாது. ஆனால் கூட்டத்தைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியாது.

தவிர்க்க விரும்புபவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 49 துண்டுச் சீட்டுகளில் எண்களை எழுதி, ஒரே மாதிரி மடித்து, பழைய ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டுக் குலுக்கி ஆறு எடுங்கள். எடுத்த ஆறும் 31க்குள் இருந்தாலோ, சீட்டில் நேர்க்கோடு, குறுக்குக்கோடு போன்ற ஒரு வடிவம் அமைந்தாலோ, போன முறை வந்த எண்களாகவே இருந்தாலோ, திரும்பப் போட்டு மறுபடி எடுங்கள். இப்படி ஒதுக்குவதால் வெல்லும் வாய்ப்பு குறையாது, ஏனெனில் ஒதுக்கியதும் எடுத்ததும் சமவாய்ப்பு உடையவை; பங்காளிகள் மட்டும் குறைவார்கள். ஆனால் அடுத்தடுத்த எண்கள் வந்தால் அதற்காக ஒதுக்காதீர்கள். 49இலிருந்து ஆறு எடுக்கும்போது ஒரு சோடியாவது அடுத்தடுத்த எண்களாக அமையும் நிகழ்தகவு 49.5 விழுக்காடு. இரண்டு குலுக்கல்களில் ஒன்றில் அப்படித்தான் வருகிறது. குறிப்பவர்களோ அதைத் தவிர்க்கிறார்கள். அந்த இடம் காலியாக இருக்கிறது.

எண்களை விட்டு, பணத்தைப் பிரித்துப் போடும் முறைக்கு வருவோம். 7 வெள்ளிக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஏழு தனித்தனிச் சாதாரணச் சேர்க்கைகள். மற்றொன்று, ஏழு எண்களைக் குறித்து, அவற்றிலிருந்து அமையும் ஏழு ஆறெண் சேர்க்கைகளையும் வாங்கும் 'சிஸ்டம் 7'. முதல் பரிசின் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றே: 1,997,688இல் ஒன்று. வேறுபாடு சிறு பரிசுகளில் தெரியும். எண்கள் ஒன்றோடொன்று சேராதபடி ஏழு தனிச் சேர்க்கைகள் போட்டால், குறைந்தது மூன்று எண்களாவது பொருந்தி ஏதாவது ஒரு பரிசு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு. மாதத்துக்கு ஒருமுறை போல 10 வெள்ளி கைக்கு வரும். சிஸ்டம் 7இல் அந்த வாய்ப்பு 3 விழுக்காடுதான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் மூன்று எண்கள் பொருந்தினால் அவை நான்கு சேர்க்கைகளில் இடம்பெறுவதால் குறைந்தது 40 வெள்ளி கிடைக்கும். ஆண்டுக் கணக்கில் சராசரி ஒன்றேதான். அடிக்கடி சிறிதாக வேண்டுமா, எப்போதாவது சற்றுக் கூடுதலாக வேண்டுமா என்பது மனப்பாங்கைப் பொறுத்தது. எனக்குத் தனிச் சேர்க்கைகள்தான் பிடித்திருக்கின்றன, ஏனெனில் அவை ஒவ்வொன்றையும் கூட்டம் இல்லாத இடத்தில் வைக்க முடிகிறது.

நண்பர்களோடு சேர்ந்து வாங்குவதும் இதே வகைக் கணக்கு. பன்னிரண்டு எண்கள் கொண்ட 'சிஸ்டம் 12' 924 வெள்ளி. அதை 28 பங்காகப் பிரித்து ஒரு பங்கை 33 வெள்ளிக்கு வாங்கலாம். முதல் பரிசின் வாய்ப்பு 15,134இல் ஒன்றாக உயரும். கிடைப்பதோ இருபத்தெட்டில் ஒரு பங்கு. வேலையிடத்தில் கூட்டாக வாங்குபவர்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை எழுதி, சீட்டைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டுத்தான் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும்.

நான்கு இலக்க எண் ஒன்றைக் குறிக்கும் 4டி விளையாட்டுக்கு நான் இதுவரை சொன்ன பங்குக் கணக்கு பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். அங்கே பரிசு நிலையான தொகை; ஒரு வெள்ளிக்கு 'பிக்' (எல்லாப் பரிசு நிலைகளும் உண்டு) என்றால் முதல் பரிசு 2,000, 'ஸ்மால்' (முதல் மூன்று பரிசுகள் மட்டும்) என்றால் 3,000. எத்தனை பேர் அதே எண்ணை வைத்திருந்தாலும் உங்கள் தொகை குறையாது. விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணையும் கனவில் வந்த எண்ணையும் எல்லோரும் தேடுவதால் அந்த எண் விற்றுத் தீர்ந்துபோகலாம், அவ்வளவுதான். போட்ட ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 'பிக்'கில் ஏறத்தாழ 66 காசு, 'ஸ்மால்' முறையில் 58 காசு. டோட்டோவில் விற்பனையின் 54 விழுக்காடு பரிசுக்குப் போகிறது. வெல்லாத முதல் பரிசு அடுத்த குலுக்கலுக்குச் சேரும்போது இது கூடும். அப்போது வாங்குவோரும் பங்காளிகளும் கூடுகிறார்கள்.

ஆகவே வாங்காமல் இருப்பதையும் ஒரு தேர்வாக எண்ணித்தான் ஒப்பிட வேண்டும். மாமாவின் கணக்கில் ஆண்டுக்கு 728 வெள்ளி போகிறது. 54 விழுக்காடு என்று கொண்டால் சராசரியாகத் திரும்புவது 393, போவது 335. அந்தச் சராசரியிலும் பெரும்பகுதி, யாரோ ஒருவருக்கு விழும் பெரிய பரிசுகளில் அடங்கியிருக்கிறது. ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில் அவர் இழப்பது இதைவிட அதிகமாகவே இருக்கும். இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "ஒரு டீக்காசு மாதிரி" என்றார். அவருக்கு அந்தத் தொகை உண்மையிலேயே டீக்காசுதான். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய, தங்கும் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தால், வாங்காதே என்றுதான் சொல்லியிருப்பேன், எண்களைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன்.

அன்று மாலையே அத்தை துண்டுச் சீட்டுகளை நறுக்கிக் கொடுத்தார். மாமா எண்களை எழுதினார். போத்தலைக் குலுக்கி அத்தை எடுத்த முதல் ஆறு: 8, 26, 33, 34, 41, 47. மாமா 33, 34 இரண்டையும் பார்த்து முகம் சுளித்தார். "பக்கத்துப் பக்கத்து நம்பர் எங்கே மாப்ளே வரும்?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் தாமே நோட்டைப் பிரித்துக் கடைசி இருபது குலுக்கல்களை விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். பதினொன்றில் அடுத்தடுத்த எண்கள் வந்திருந்தன. பேனாவை எடுத்து 33க்கும் 34க்கும் உரிய கட்டங்களைக் கறுப்பாக்கினார்.